கிராபிக்ஸ் கார்டு பற்றி ஒரு சந்தேகம்

தம்பி, தப்பாக நினைக்க வேண்டாம். பஸ் பெருந்துறை தாண்டினதிலிருந்து கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வருகிறேன். முன்பின் தெரியாதவரிடம் நானாகப் பேச்சுக் கொடுத்துப் பழக்கமில்லை. உங்கள் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்குகிறது, மடியில் கம்ப்யூட்டர் பை இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன். கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா?

தெரியுமா? நல்லதாய்ப் போயிற்று. அப்படியானால் ஒரு சந்தேகம். ஒரே வீட்டில், ஒரே பெட்டியில், ஒன்றரை வருஷத்துக்குள் மூன்று கார்டு செத்துப்போகுமா?

இல்லை, உடனே சொல்ல வேண்டாம். முழுதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஈரோட்டில் நவநீதன் என்று ஒரு மெக்கானிக் இருக்கிறார், கெட்டிக்காரர், ஆனால் பாதி கேட்கும்போதே திருப்புளியை எடுத்துவிடுவார். எனக்கு எதையும் முதலிலிருந்து முறையாகச் சொன்னால்தான் திருப்தி.

என் பெயர் செங்கோடன். குமாரபாளையம். வீட்டை ஒட்டினாற்போல் எட்டுத் தறி போட்டிருக்கிறேன், லுங்கி ஓட்டுகிறேன். படிப்பு ஏழாவது வரைக்கும்தான். அதனால் கம்ப்யூட்டர் சாமான்களின் பெயர் ஏதாவது தப்பாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததைத் தப்பாகச் சொல்ல மாட்டேன்.

பெட்டி என் மகளுடையது. கோகிலவாணி. எங்களுக்கு ஒரே பெண். இப்போது கோயமுத்தூரில் வேலையில் இருக்கிறாள், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். அவளைப் பார்க்கத்தான் போகிறேன். பார்க்க மட்டுமல்ல. வீட்டுக்குத் திரும்பி வந்துவிடு என்று கேட்கப் போகிறேன். அதற்கு முன்னால் அந்தப் பெட்டி எங்கள் வீட்டில் மட்டும் ஏன் ஓடமாட்டேன் என்றது என்று தெரிய வேண்டும். தெரிந்தால் சொல்லலாம் பாருங்கள், இன்னதுதான் காரணம், அதைச் சரி செய்தாயிற்று, கிளம்பு என்று. காரணமே தெரியாமல் ஒரு பெண்ணை எப்படித் திரும்பக் கூப்பிடுவது?

அவள் சிவில் டிப்ளமோ படித்தவள். கல்யாணம் செய்து கொடுத்தோம், சரிப்பட்டு வரவில்லை. அந்தப் பேச்சு வேண்டாம். நானே போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். வந்தவள் ரொம்ப நாள் அறையை விட்டே வெளியே வரவில்லை. அப்புறம் ஒரு நாள், தன் பணத்தில் இந்தக் கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டு வந்து வைத்தாள். இஞ்சினியர்கள் ஃபோனில் வீட்டுப் பிளான் அனுப்புவார்கள். வெறும் கோடும் நம்பரும். இவள் அதை வைத்துக்கொண்டு, கட்டாத வீட்டைக் கட்டி முடித்துச் சாயந்திரம் விளக்குப் போட்ட மாதிரி படமாக்கிவிடுவாள். வாசலில் கார், மொட்டை மாடியில் பூச்சட்டி, எல்லாம் இருக்கும். அந்தப் படம் வருவதற்குத்தான் இந்தக் கார்டு வேண்டும். அது இல்லாமல் மற்ற எது இருந்தும் பிரயோஜனமில்லையாம்.

நான் வாசற்படியில் நின்று பார்ப்பேன். உள்ளே போக மாட்டேன். ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அம்மிணி, மாடிப்படில ஒரு படி கொறையுது"ன்னு சொன்னேன்.

"எங்கீங்ப்பா?"

"கீழ பதினெட்டுக் கைப்பிடிக் கம்பி இருக்குது. படி பதினேழுதான் வருது."

எண்ணிப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். "இஞ்சினியரே பாக்கல, நீங்க பாத்துட்டீங்க"ன்னாள். வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்கப்புறம் படம் முடிந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டாமல் அனுப்ப மாட்டாள். "எண்ணிப் பாருங்ப்பா" என்பாள். எண்ணுவேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தப் பெட்டி எங்களுக்கு வெறும் பெட்டி இல்லை.

சரி, முதல் கார்டு. ஒரு நாள் திரையில் பொடிப் பொடியாய் ரோஸ் கலர்ப் புள்ளி வந்தது. நூல் அறுந்த துணி மாதிரி குறுக்கே கோடு. அப்புறம் ஒரேயடியாய் இருட்டு. பெட்டி ஓடுகிற சத்தம் கேட்கிறது, திரையில் ஒன்றுமில்லை. நவநீதனைக் கூப்பிட்டோம். அவர் பக்கத்துத் தகட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, என்னுங்க இது? உள்ள ஆட்டுக்குட்டி படுத்திருக்குதா?"

பஞ்சு. தறிக்கூடத்துக்கும் அவள் அறைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். ஜன்னலைச் சாத்தினாலும் பஞ்சு வரும். எங்கள் சோற்றிலேயே இருக்கும். அந்தக் கார்டில் மூன்று காற்றாடி இருக்கிறது, மூன்றும் பஞ்சில் முங்கிக் கிடந்தது. நவநீதன் பிரஷ் போட்டு எடுத்தார். கார்டைப் பிடுங்கி, அதன் ஓரத்தில் தங்கக் கலரில் பல் பல்லாய் இருக்குமே, அதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ரப்பரை வைத்து அழித்தார். திரும்பச் சொருகினார். பக்கத்துத் துளையில் சொருகிப் பார்த்தார். திரைக்கு வருகிற ஒயரை மாற்றினார். எதற்கும் மசியவில்லை. "சூட்டுல போயிருச்சுங்க" என்றார். புதுக் கார்டு வாங்கிப் போட்டோம்.

போகும்போது அவர் என்னிடம் சொன்னது இது. "ஐயா, தூசிதானுங்க எமன். வாராவாரம் நல்லா ஊதி உட்ருங்க. ஊதி உட்டீங்கன்னா ஒண்ணும் ஆவாது."

ஊதிவிடச் சொன்னார். எப்படி ஊதுவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தறி போட்டவனிடம் போய் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு. அன்றைக்கு எட்டுத் தறியையும் கம்ப்ரஸர் குழாய் வைத்து ஊதித்தான் சுத்தம் செய்வேன். மோட்டார், பாவு, நாடா, ஒன்று விடாமல். எங்கள் வீட்டில் மிக்ஸி, தையல் மிஷின், சாமி படம் எல்லாவற்றுக்கும் அதே குழாய்தான். அதைத்தான் பெட்டிக்கும் போட்டேன். நல்ல காற்று தம்பி. லேத் பட்டறை வைத்திருந்த என் மச்சினன் கொடுத்த பழைய கம்ப்ரஸர். பஸ் டயருக்கே அடிக்கலாம்.

என்ன? ஒன்றுமில்லையா? சரி. ஜன்னலைச் சாத்தட்டுமா? காற்றடிக்கிறதோ என்னவோ, முகத்தைச் சுளித்தீர்கள்.

அம்மாவும் மகளும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தைக்குப் போவார்கள். அந்த நேரத்தில் செய்துவிடுவேன். அவளுக்குத் தெரியாது. செய்ததைச் சொல்லிக் காட்டுவது எனக்குப் பழக்கமில்லை. தகட்டைக் கழற்றி, குழாயைக் கிட்டக் கொண்டுபோய்ப் பிடித்தால் அந்த மூன்று காற்றாடியும் சுற்றும் பாருங்கள். கரண்டில் கூட அந்த வேகம் சுற்றாது. விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால்தான் பஞ்சு போயிற்று என்று எனக்கு மனசு ஆறும். ஒரு வாரம் தவறினதில்லை. காய்ச்சல் வந்த வாரம்கூட எழுந்து போய்ச் செய்தேன்.

இவ்வளவு சுத்தமாய் வைத்திருந்தும், ஐப்பசி மழையில் இரண்டாவது கார்டு போயிற்று.

இந்தத் தடவை வேறு மாதிரி. முதலில் கடகடவென்று சத்தம், காற்றாடி தட்டுகிற மாதிரி. அப்புறம் படம் பாதி வரும்போது பெட்டி தானாகவே அணைந்து அணைந்து எரியும். நவநீதன் வந்தார். "கரண்டா இருக்குமோ" என்றார். கரண்டு கொடுக்கிற டப்பாவை மாற்றினார். யூபிஎஸ்ஸை மாற்றினோம். ஸ்டெபிலைசர் வைத்தோம். எர்த் சரியில்லை என்று கரண்டுக்காரர் சொன்னார். நானே கடப்பாரை எடுத்து ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி தோண்டி, உப்பும் கரியும் மாற்றி மாற்றிக் கொட்டிக் கம்பி இறக்கினேன். தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். என் வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "தென்னம்பிள்ளை வெச்சிருந்தா இந்நேரம் காய் பறிச்சிருக்கலாம்" என்றாள். தறி ஓடுகிற அதிர்வாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. சுவரை ஒட்டின நாலு தறியை நிறுத்தினேன். அதற்கும் அவள், "பொட்டி ஓடோணும்னு தறிய நிறுத்துன மொதோ ஆளு எங்கூட்டுக்காரர்தான்" என்று தெருவெல்லாம் சொன்னாள்.

கார்டைக் கழற்றி நவநீதன் தன் கடைக்குக் கொண்டுபோனார். நாலு நாள் மேஜையில் வெயில் பட வைத்திருந்துவிட்டு, வேறு பெட்டியில் போட்டால், ஓடுகிறது! மத்தியானம் வரைக்கும் ஓடியதாம். எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்து போட்டோம். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நன்றாக ஓடியது. திங்கட்கிழமை ஒரேயடியாய்ப் போயிற்று.

இதற்கு என்ன சொல்கிறீர்கள்? அங்கே ஓடுகிறது, இங்கே ஓடவில்லை. இருங்கள், இன்னும் இருக்கிறது.

வாரண்டி இருந்தது, கம்பெனிக்கு அனுப்பினோம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். தண்ணீர் பட்டிருக்கிறது, அதனால் மாற்றித் தரமுடியாது என்று. எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. என் வீட்டிலா? அந்த அறைக்குள் காபி டம்ளர்கூடக் கொண்டுபோக விட மாட்டேன். வீடு கூட்டினால் ஈரத் துணி போடாதே, வெறும் விளக்குமாறு மட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எங்கிருந்து வரும் தண்ணீர்? பெரிய கம்பெனி என்றால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் போலிருக்கிறது.

ஈரம் என்று பார்த்தால் மழைக்காலத்தில் எல்லாவற்றிலும்தான் இருக்கிறது. கம்ப்ரஸர் டேங்கிலேயே தண்ணீர் சேரும். அடியில் இருக்கிற திருகைத் திறந்துவிட வேண்டும். எவ்வளவு திறந்துவிட்டாலும் ஐப்பசி கார்த்திகையில் கொஞ்சம் தங்கிவிடும். குழாயைப் பிடித்தால் காற்று ஜில்லென்று, சாரல் அடிக்கிற மாதிரி வரும். அது நல்லதுதான். பஞ்சு பறக்காமல் அமுங்கும்.

என்ன தம்பி? என்னமோ சொல்ல வந்தீர்கள். இல்லையா?

தாகமாக இருந்தால் என்னிடம் தண்ணீர் இருக்கிறது. வேண்டாமா? சரி.

மூன்றாவது கார்டு வந்தது. அது வந்தபோதுதான் சங்ககிரியில் ஒரு வீட்டுக்குப் பூமி பூஜை, படம் இவள்தான் செய்ய வேண்டும். உங்களுக்குத் தெரிந்திருக்கும், இப்போதெல்லாம் பூமி பூஜை என்றால் செங்கல் வைக்கிற இடத்துக்குப் பின்னால் வரப்போகிற வீட்டின் படத்தைப் பேனர் அடித்து நிறுத்துகிறார்கள். சொந்தக்காரர்கள் எல்லாம் அதற்கு முன்னால் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து அதற்கென்றே வந்திருந்தாராம். முந்தின நாள் மத்தியானம், படம் முக்கால்வாசி வந்துகொண்டிருக்கும்போது திரை இருண்டது. இவள் அணைத்துப் போட்டாள். ரப்பர் போட்டு அழித்தாள். சொருகினாள். கார்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, சூடு இருக்கிறதா என்று, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் பார்த்தாள். நான் வாசற்படியில் நிற்கிறேன். என்ன செய்யச் சொல்வீர்கள்? தறியில் நூல் அறுந்தால் முடிச்சுப் போடுவேன். இதில் எதைப் பிடித்து எதில் முடிவது?

மறுநாள் காலையில் இஞ்சினியர் ஃபோனில் கத்தினது எனக்கு வெளியே கேட்டது. "ஒரு படம் குடுக்கத் துப்பில்லீன்னா என்னத்துக்கும்மா வேலைய ஒத்துக்கறே? பேனர் இல்லாம வெறும் மூங்கிலு முன்னாடி நின்னு ஃபோட்டோ எடுத்தாங்க!"

இவள் "சாரிங் சார், சாரிங் சார்" என்றாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேச வராது அவளுக்கு. என்னிடமும் அப்படித்தான்.

அதில் என் தப்பும் ஒன்று இருக்கிறதோ என்று நினைப்பேன். பெட்டி வந்த புதிதில் ஒரு தடவை, "அப்பா, ஃபோன் பேசறப்ப நீங்க இருமுனா அவிங்களுக்குக் கேக்குதாம்ங்ப்பா" என்று சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அன்றிலிருந்து இருமல் வந்தால் நான் தெருவுக்குப் போய்விடுவேன். மழை பெய்தாலும் போவேன். ரெண்டு மாசம் கழித்து அவளே வந்து, கண்ணெல்லாம் கலங்கி, "நான் ஒண்ணும் நெனச்சுச் சொல்லலீங்ப்பா, உள்ளயே இருங்க" என்றாள். அதற்காக நான் இருமிவிட முடியுமா? சொன்னது சொன்னதுதானே. அதற்கப்புறம் என்னிடம் அவள் எந்தக் குறையும் சொன்னதில்லை. அந்த அளவுக்கு ஒழுங்காக நடந்துகொள்கிறேன் என்றுதான் அர்த்தம்.

நவநீதன் அந்த வாரம் வந்து மூன்றாவது கார்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, யாரு இதத் தொடைக்கறது? புதுசாட்டம் மின்னுது" என்று கேட்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அதைச் சொல்லிப் பேர் வாங்கிக்கொள்ள வேண்டுமா?

அவர் கார்டை மூக்கருகில் வைத்து மோந்து பார்த்தார். "ஆயில் வாசமடிக்குது" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். அப்புறம் எதையோ பிரித்து, துடைத்து, வெள்ளைப் பசை தடவி, பக்கத்திலே உட்கார்ந்து ஒருவாறு ஓட வைத்துவிட்டார். கிளம்பும்போது இவளை வெளியே வண்டிக்கிட்டக் கூப்பிட்டுப் பேசினார். தறிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கையை மட்டும் பார்த்தேன். குழாயைப் பிடிக்கிற மாதிரி கையை நீட்டி நீட்டி என்னவோ காட்டினார். ஒயர் எப்படி இழுக்க வேண்டும் என்று சொல்லியிருப்பார். இவள் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள். அப்புறம் அவரிடம் எதையோ வேண்டாம் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

உள்ளே வந்தவளிடம் கேட்டேன், "என்னாங்கறான் கண்ணு?"

"வோல்டேஜ்தானுங்களாம்ப்பா" என்றாள்.

"அதான் ஸ்டெபிலைசர் வெச்சாச்சே?"

"அதுக்கும் மேல வருதாம்ங்ப்பா." அப்புறம், "அப்பா, இனிமே அந்தப் பொட்டிய நானே பாத்துக்கறனுங்ப்பா. நீங்க ஒண்ணும் செரமப்படாதீங்க" என்றாள்.

"எனக்கென்ன கண்ணு செரமம்?"

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்லப் போகிற மாதிரி இருந்தது. இப்போது நீங்கள் பார்க்கிறீர்களே, கிட்டத்தட்ட அதே மாதிரிதான். அப்புறம் "சரிங்ப்பா" என்று போய்விட்டாள்.

அன்றிலிருந்து வெளியே போனால் அறையைப் பூட்டிக்கொண்டு போனாள். பல்லி வருகிறது என்றாள். பாவம், அவள் பயம் அவளுக்கு. நல்ல வேளையாக அந்தப் பூட்டுக்கு என்னிடம் இன்னொரு சாவி இருந்தது. இல்லாவிட்டால் சுத்தம் செய்கிற வேலை நின்றுபோயிருக்கும்.

என்ன, தலையைப் பிடித்துக்கொண்டீர்கள்? வண்டி குலுக்குகிறது. அவிநாசி தாண்டினால் ரோடு நன்றாக இருக்கும்.

மூன்றாவது கார்டும் கடைசியில் ஒரேயடியாய் நின்றுபோயிற்று. அதைக் கழற்றின அன்றைக்கு நானும் வாங்கிப் பார்த்தேன். காற்றாடியின் இலைகளை எண்ணினேன். முதல் இரண்டு காற்றாடியிலும் ஒன்பது ஒன்பது. மூன்றாவதில் எட்டு. ஒன்று இருந்த இடத்தில் முறிந்த தழும்பு. இதை வாங்கும்போதே எண்ணாமல் விட்டேனே என்று எனக்கு என் மேலேயே கோபம். ஃபேக்டரியிலேயே குறையோடு வந்த சரக்கு. இவளிடம் காட்டினேன். "கம்பெனிக்காரன் ஏமாத்திப்போட்டான் பாரு" என்றேன். வாங்கிப் பார்த்தாள். "ஆமாங்ப்பா" என்றாள். அதை ஒரு துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். அவ்வளவுதான். அழவில்லை, சலித்துக்கொள்ளவில்லை.

மறுநாள் சாப்பிடும்போது சொன்னாள். பீளமேட்டில் ஓர் ஆபீஸ், இதே வீட்டுப் படம் செய்கிற ஆபீஸ், ரொம்ப நாளாய்க் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். இவள்தான் அப்பா அம்மாவை விட்டுவிட்டு வரமுடியாது என்று சொல்லி வந்திருக்கிறாள். "இனி போறனுங்ப்பா" என்றாள். என் வீட்டுக்காரி கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"கட்டிக் குடுத்த எடத்துல இருந்து தூக்கிட்டு வந்தது, ஹாஸ்டல்ல போயி புளிச்ச தோசை திங்கறக்கா? ஏனுங்க, நீங்க வாயத் தொறந்து சொல்லுங்களே!"

நான் என்ன சொல்ல? பெட்டியை ஓட வைக்கிறேன், இரு என்று சொல்ல வேண்டும். அதுதானே என்னால் முடியவில்லை? "வேறொரு கார்டு வாங்கலாம் கண்ணு" என்றேன்.

"வேண்டாமுங்ப்பா. எத்தன வாங்குனாலும் இங்க நிக்காதுங்ப்பா."

அதைச் சொல்லும்போது அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. என் மேல் கோபமா என்று முகத்தைப் பார்த்தேன். கோபமில்லை. எழுந்து வந்து என் தட்டில் ரசம் ஊற்றினாள்.

பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனாள். நான்தான் லோடு ஆட்டோவில் ஏற்றினேன். அதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை நன்றாக ஊதிவிட்டேன். போகிற இடத்தில் அழுக்காய்ப் போகக்கூடாது இல்லையா? உள்ளே கார்டு இல்லை, அந்த இடம் வெறும் துளையாக இருந்தது.

ஆபீஸ்காரர்கள் ஒரு கார்டு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதே பெட்டி. தம்பி, கேளுங்கள். போனதிலிருந்து ஒரு தடவைகூட நிற்கவில்லையாம். ராப்பகலாய் ஓடுகிறதாம். கோயமுத்தூர் கரண்டு அவ்வளவு சுத்தமா? ஃபோனில் சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் ஃபோனை வைத்துவிட்டுத் தறிக்கூடத்தில் போய் உட்கார்ந்தேன். அது கெட்டுப்போகக்கூடாது என்றும் இருக்கிறது, கெட்டுப்போனால் திரும்பி வருவாளே என்றும் இருக்கிறது. பெற்றவன் நினைக்கிற நினைப்பா இது? யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்கள் வழியே போய்விடுவீர்கள்.

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. மாடியில் புதிதாய் ஓர் அறை கட்டியிருக்கிறேன். தறிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அலுமினியம் வைத்துக் கண்ணாடி போட்டு, ஏசி வைத்து, பஞ்சு நுழைய ஓர் ஓட்டை கிடையாது. தனி லைன் இழுத்தாயிற்று. கம்ப்ரஸர் குழாயையும் மாடி வரைக்கும் கொண்டுபோய்விட்டேன், சுத்தம் செய்யச் சௌகரியமாக இருக்கட்டும் என்று. எல்லாம் தயார். அவள் வந்து உட்கார வேண்டியதுதான். அதைத்தான் இன்றைக்கு அவளிடம் சொல்லப் போகிறேன். காரணம் மட்டும் தெரிந்துவிட்டால் போதும். நீங்கள் படித்தவர். சொல்லுங்கள், எதனால் இருக்கும்?

என்ன தம்பி, இவ்வளவு யோசிக்கிறீர்கள்? அவ்வளவு கஷ்டமான கேள்வியா?

இருங்கள், ஃபோன் அடிக்கிறது. அவள்தான்.

"சொல்லு கண்ணு… நீலாம்பூரு தாண்டியாச்சு… சரி… ஹோப் காலேஜ்லதான? எறங்கிக்கறேன்… வெயில்ல நிக்காத. சரி, சரி."

ஸ்டாப்பிலேயே வந்து நிற்கிறாளாம். ஆபீஸில் ஒரு மணி நேரம் பெர்மிஷன் கேட்டு வந்திருக்கிறாள். எனக்கு ரோடு தாண்டத் தெரியாது என்று அவளுக்கு எண்ணம். இவ்வளவு கூட்டத்தில் அவளைக் கண்டுபிடிக்க வேண்டுமே. கொஞ்சம் ஜன்னல் பக்கம் சாய்ந்துகொள்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

அதோ. பச்சை சுடிதார். அவள்தான். உங்களை மாதிரியே கழுத்தில் அட்டை போட்டிருக்கிறாள் பாருங்கள்.

யாரிடமோ பேசுகிறாள். ஆட்டோக்காரர். பஸ் நிற்கிற இடத்தில் வண்டியைப் போட்டிருக்கிறார். கேட்கிறதா உங்களுக்கு? "ஏனுங்ண்ணா, பஸ்ஸு வருதுங்கறது கண்ணுக்குத் தெரியலீங்களா? பெரியவங்க எறங்கோணும், வண்டிய முன்னால எடுங்க! எடுங்கண்ணான்னா!" என்ன சத்தம் பாருங்கள். அவர் ஏதோ சொல்கிறார். இவள் விடவில்லை. "அதெல்லாம் தெரியாதுங்க, எடுங்க மொதல்ல!" எடுத்துவிட்டார் தம்பி. எடுத்துவிட்டார்.

இவளுக்கு இப்படிப் பேச வருமா? எங்கள் வீட்டில் ஒரு நாள்கூட நான் கேட்டதில்லையே.

நிமிர்ந்து நிற்கிறாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். நன்றாக இருக்கிறாள், பாருங்கள்.

நான் கேட்டால் வந்துவிடுவாள் தம்பி. மாடியில் அறை கட்டியிருக்கிறேன் என்று சொன்னால் போதும், "சரிங்ப்பா" என்று சொல்லிவிட்டு இன்றைக்கே துணியை மடித்துவைப்பாள். நான் கேட்டு அவள் முடியாது என்று சொன்னதே கிடையாது. நல்ல பெண்.

கேட்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

என்ன? இப்போது சொல்கிறீர்களா? வண்டி நின்றுவிட்டதே. இருக்கட்டும், விடுங்கள். அவளைக் கூப்பிடுவதற்குத்தான் காரணம் வேண்டியிருந்தது. கூப்பிடப் போவதில்லை என்றால் அது எனக்கெதற்கு? உங்களுக்குத்தான் வழியெல்லாம் தொந்தரவு கொடுத்துவிட்டேன்.

கொஞ்சம் காலை ஒதுக்குங்கள் தம்பி. அவள் கதவுகிட்ட வந்துவிட்டாள்.